தம்பிக்கு லண்டனில் அகதி வழக்கு ரிஜெக்ட். மேன்முறையீட்டுக்குக் கொழும்பிலிருந்து என்ன அனுப்ப வேண்டும்?

வெள்ளவத்தை அக்கா எழுதியது:

தம்பியின் அகதி விண்ணப்பத்தை லண்டனில் நிராகரித்துவிட்டார்கள். கடிதம் இந்த மாதம் 9ஆம் திகதி அவனுடைய சொலிசிட்டருக்கு ஈமெயிலில் வந்திருக்கிறது. மேன்முறையீட்டுக்கு 14 நாள்தானாம். இன்று 13. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. தம்பி போனில் எடுத்து, "அக்கா, அங்கே இருந்து என்ன கிடைக்குதோ எல்லாத்தையும் அனுப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். எதை அனுப்புவது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 நவம்பர் கடைசியில் முகப்புத்தகத்தில் அவன் போட்ட ஒரு படத்துக்காக விடியப்புறம் 5 மணிக்கு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றார்கள். முதன்முதலில் பார்க்க விட்டபோது அவன் கதிரையில் முதுகு சாயவில்லை. நுனியில் இருந்து கொண்டே கதைத்தான். என்ன என்று கேட்கவும் முடியவில்லை, பக்கத்தில் ஒருவர் நின்றார். ஏழு மாதத்துக்குப் பிறகு புதுக்கடை நீதவான் நீதிமன்றத்தில் பிணை கிடைத்தது. மாமா பிணை நின்றார். மாதக் கடைசி ஞாயிறுகளில் போய்க் கையெழுத்து வைத்தான். வீட்டுக்கு ஆட்கள் வந்து விசாரிப்பது மட்டும் நிற்கவில்லை. 2023 பெப்ரவரியில் ஒரு ஏஜென்ட் மூலம் கட்டுநாயக்கவால் போனான். சொந்தப் பாஸ்போட்தான். ஆனால் எந்தக் கவுண்டரில் போய் நிற்க வேண்டும் என்று ஏஜென்ட் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

நிராகரிப்புக் கடிதத்தில் நான்கு காரணம் சொல்லியிருக்கிறார்கள். சொந்தப் பாஸ்போட்டில் விமான நிலையத்தால் வந்ததால் அரசாங்கம் இவனைத் தேடவில்லையாம். முதல் இன்டர்வியூவில் ஆறு மாதம் உள்ளே இருந்தேன் என்றும் இரண்டாவதில் ஏழு மாதம் 12 நாள் என்றும் சொன்னதால் பொய்யாம். இங்கிருந்து சட்டத்தரணி கொடுத்த கடிதத்தோடு நீதிமன்றப் பதிவு எதுவும் இல்லையாம். லண்டனில் ஆர்ப்பாட்டத்தில் எடுத்த படங்கள் யாரும் போய் நின்று எடுக்கக்கூடியவையாம்.

பம்பலப்பிட்டியில் ஒருவர் ஒன்றரை இலட்சம் கொடுத்தால் பொலிஸ் அழைப்புத் துண்டும் பிடியாணையும் ஒரு வாரத்தில் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். காசைப் புரட்டலாம். ஆனால் மனம் ஒப்பவில்லை. கிராம சேவகர் கடிதம், கோயில் கடிதம், எம்.பி. ஒருவரின் கடிதம் எல்லாம் எடுக்கச் சொல்கிறார்கள். அவை உதவுமா? மாமாவிடம் கேட்கவும் வழியில்லை. தம்பி போன பிறகு அவரை இரண்டு தடவை கோர்ட்டுக்குக் கூப்பிட்டுக் காசும் கட்ட வைத்தார்கள். அந்தக் கோபத்தில் எங்களோடு கதைப்பதே இல்லை.

தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.


புதுக்கடை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

பிள்ளை, உங்கள் பதிவில் கடைசிக்கு முதல் இரண்டு வரியை நான் மூன்று தடவை வாசித்தேன். மாமாவைக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டு, காசு கட்ட வைத்தார்கள் என்கிறீர்கள். நீங்கள் தேடுகிற ஆவணம் அதுதான். அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள்.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். இருபது வருடத்துக்கு மேலாகப் புதுக்கடையில் சிங்கள வழக்கேடுகளைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றிக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டு அகதி வழக்குகளுக்குப் போன காகிதங்கள் எத்தனையோ என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன. எது நின்றது, எது விழுந்தது என்பது பிறகு அந்தக் குடும்பங்கள் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிணையில் நின்றவர் தவணைக்கு வராவிட்டால் நீதிமன்றம் என்ன செய்யும்? சந்தேகநபருக்குப் பிடியாணை, பிணையாளிக்கு அறிவித்தல். பிணையாளி வந்து காரணம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிணைமுறிப் பணத்தைக் கட்ட வேண்டும். ஆகவே உங்கள் மாமா கட்டினார் என்றால் வழக்கேட்டில் அந்தத் திகதிக்கு ஒரு குறிப்பு இருக்க வேண்டும். "சந்தேகநபர் ஆஜரில்லை. பிடியாணை. பிணையாளிக்கு அறிவித்தல்." கையெழுத்தில் ஒன்றரை வரி வரும். அந்த ஒன்றரை வரி, நிராகரித்த ஹோம் ஒபிஸ் (பிரித்தானிய உள்துறை) சொன்ன முதல் காரணத்துக்கும் மூன்றாம் காரணத்துக்கும் பதில் சொல்லும். நீதிமன்றக் கட்டளையோ பிடியாணையோ உள்ளவர்களின் பெயர் விமான நிலையக் கணினியில் உள்ள தடுப்புப் பட்டியலில் இருக்கும் என்பதை 2013இல் ஜி.ஜே. என்ற இலங்கை வழக்கில் லண்டன் மேல் தீர்ப்பாயமே ஏற்றுக்கொண்டது. 2021இல் வந்த கே.கே., ஆர்.எஸ். என்ற வழிகாட்டித் தீர்ப்பும் அந்தப் பட்டியலைப் பற்றிப் பேசுகிறது. இங்கே தம்பி வெளியேறியது பெப்ரவரியில், பிடியாணை வந்தது அதற்குப் பிறகு. அப்படியென்றால் அவன் போன அன்று பட்டியலில் பெயர் இல்லாமல் இருந்திருக்கலாம். திரும்பி வந்து இறங்கும்போது இருக்கும். அவர்கள் பார்க்க வேண்டியது திரும்பி வருகிற நாளைத்தான்.

இதை எப்படி எடுப்பது என்றால், பிணை எடுத்த சட்டத்தரணியே நீதிமன்றத்தில் ஒரு நகர்த்தல் பத்திரம் (மோஷன், எழுத்து மூல வேண்டுகோள்) போட்டு முழு வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதியைக் கேட்கட்டும். அவர் தயங்கினால் மாமா சார்பில் வேறொரு சட்டத்தரணி கேட்கலாம், பிணையாளிக்கு அந்த வழக்கில் தொடர்பு இருக்கிறது. பி அறிக்கை (பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கை), பிணைக் கட்டளை, தவணைக் குறிப்புகள், பிடியாணைக் கட்டளை எல்லாம் அதில் வரும். ஒவ்வொரு பக்கத்திலும் பதிவாளரின் கையெழுத்து, நீதிமன்ற முத்திரை, திகதி இருக்கிறதா என்று கவுண்டரிலேயே நின்று பாருங்கள். ஒரு பக்கத்தில் முத்திரை பாதி விழுந்திருந்தாலும் திரும்பக் கொடுத்து அடித்து வாங்குங்கள். இங்கே அது சின்ன விஷயம், அங்கே அதை வைத்து ஒரு பந்தி எழுதுவார்கள்.

நீங்களோ அம்மாவோ பொலிஸுக்கோ நாலாம் மாடிக்கோ (குற்றப் புலனாய்வுப் பொலிஸ் அலுவலகம்) போய் எதையும் கேட்கக் கூடாது. சட்டத்தரணி மூலம் மட்டும்.

சட்டத்தரணி இன்னொரு கடிதமும் தர வேண்டும். முதல் கொடுத்த கடிதத்தில் "எனக்குத் தெரிந்த வரையில் இவருக்கு ஆபத்து உண்டு" என்ற மாதிரி எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன், பொதுவாக அப்படித்தான் எழுதுவார்கள். அது அவருடைய அபிப்பிராயம். இப்போது வேண்டியது அவர் செய்த வேலை: எந்தத் திகதியில் நகர்த்தல் பத்திரம் போட்டார், எந்த இலக்க வழக்கேடு, பிரதி எப்போது கைக்கு வந்தது, யாரிடம் கொடுத்தார். தன்னுடைய பதிவு இலக்கமும் அலுவலக முகவரியும் போனும் அதில் இருக்க வேண்டும், யாராவது கூப்பிட்டுக் கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். 2014இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த பி.ஜே. என்ற இலங்கையர் ஒருவரின் வழக்கில், இரண்டு சட்டத்தரணிகள் தனித்தனியாக இங்கே நீதிமன்றத்திலிருந்து எடுத்த ஆவணங்களைச் சரியான காரணம் இல்லாமல் ஒதுக்கியது பிழை என்று சொன்னார்கள். ஆவணம் எந்த வழியால் வந்தது என்பதற்கு அவ்வளவு கனம் இருக்கிறது.

இப்போது அந்த பம்பலப்பிட்டி ஆளைப் பற்றி. பிடியாணை என்பது நீதவான் பொலிஸுக்குக் கொடுக்கிற கட்டளை. அதன் அசல் தேடப்படுகிறவன் வீட்டு அலுமாரியில் எப்படி வந்தது? அங்கே கேட்கிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். பதில் இல்லை. அவன் தருகிற காகிதத்தில் இலக்கம் சரியாக இருக்காது, அல்லது அந்தத் திகதியில் அந்த நீதிமன்றத்தில் இல்லாத நீதவானின் பெயர் இருக்கும். உங்கள் தம்பிக்கு உண்மையான வழக்கு இருக்கிறது, உண்மையான பதிவு ஒரு றாக்கையில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு பொய்க் காகிதத்தைக் கொண்டுபோய் வைத்தால் உண்மையும் பொய்யாகிவிடும். தயவுசெய்து வேண்டாம்.

கிராம சேவகர், கோயில், எம்.பி. கடிதங்களுக்கு அலைய வேண்டாம். கேட்டு வாங்கிய கடிதம் என்று ஒரு வரியில் ஒதுக்கிவிடுவார்கள். அவர்களில் யாராவது கண்ணால் கண்டதைச் சொன்னால் அது வேறு. உங்கள் அம்மாவின் வாக்குமூலம் அதைவிடப் பெறுமதி. 83இலிருந்து தொடங்கி, 2007 ஜூன் 7 காலை வெள்ளவத்தை லொட்ஜ்களிலிருந்து தமிழரை பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது வரைக்கும் பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு வருவார்கள். எல்லாம் உண்மை. நானும் அந்தக் காலையில் வெள்ளவத்தையில் இருந்தவன். ஆனால் தமிழர் என்ற ஒரு காரணம் மட்டும் போதாது, அந்த ஆளுக்கு உள்ள காரணங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 2008இலேயே ஸ்ட்ராஸ்பேர்க் மனித உரிமை நீதிமன்றம் சொல்லிவிட்டது. அம்மா எழுத வேண்டியது அந்த விடியப்புறம் 5 மணி. யார் கதவைத் திறந்தது, எத்தனை பேர், என்ன மொழியில் கேட்டார்கள், அவன் என்ன உடுப்போடு போனான். நீங்கள் எழுத வேண்டியது அந்தக் கதிரை. அவன் முதுகு சாயாமல் இருந்தான் என்றீர்களே, அதை அப்படியே எழுதுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

தம்பியின் பெயரையும் வழக்கு இலக்கத்தையும் இங்கே போட்டுவிடாதீர்கள். மாமாவிடம் இன்றைக்கே போங்கள்.


கொட்டாஞ்சேனைத் தங்கச்சி எழுதியது:

அக்கா, காசு கொடுக்காதீர்கள். நாங்கள் கொடுத்தோம்.

என் கணவருடைய கேஸில் அவர் சொன்னதெல்லாம் உண்மை. அடித்ததும் உண்மை, தேடி வந்ததும் உண்மை. கையில் காகிதம் இல்லையென்று ஒருவர் ஒரு பிடியாணை செய்து கொடுத்தார். கொழும்பில் விசாரித்துப் பார்த்துவிட்டு அந்த இலக்கத்தில் வேறொருவரின் களவு வழக்கு இருக்கிறது என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு நீதிபதி அவர் முதுகில் இருந்த தழும்பையும் நம்பவில்லை. மேலே போனபோதும் அந்தக் காகிதத்தையே எடுத்து வைத்தார்கள். கடைசியில் பிளேனில் ஏற்றிவிட்டார்கள். வந்து இறங்கிய அன்று கட்டுநாயக்கவில் 14 மணித்தியாலம் வெளியில் நின்றேன். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள், யார் எதை அனுப்பினாலும் அது எங்கேயிருந்து வந்தது என்று கேட்காமல் சொலிசிட்டரிடம் கொடுக்க வேண்டாம் என்று.


ஹரோ அண்ணா எழுதியது:

தங்கச்சி, நானும் இந்த வழியால் வந்தவன். 2019இல் ரிஜெக்ட், மேன்முறையீட்டில் வென்று இப்போது இங்கே பஸ் ஓட்டுகிறேன். இங்கே நடக்கிறதைச் சொல்கிறேன்.

முதலில் 23ஆம் திகதி. அந்த 14 நாளுக்குள் போக வேண்டியது மேன்முறையீட்டுப் படிவம் மட்டும்தான். ஆவணம் எல்லாம் அதற்குப் பிறகு வாரக்கணக்கில் நேரம் எடுத்துக் கொடுக்கலாம். கொழும்பிலிருந்து காகிதம் வரட்டும் என்று படிவத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் திகதியைத் தவறவிடுகிறார்கள். தவறினால் காரணம் எழுதிக் கேட்கலாம், ஆனால் ஏற்பார்கள் என்று நம்பி இருக்கக் கூடாது. படிவம் நேரத்துக்குப் போய், மேன்முறையீடு நடந்துகொண்டிருக்கும் வரை அவரைத் திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் கடிதத்தில் "தெளிவாகவே அடிப்படையற்றது" என்று சான்றிட்டிருந்தால் மேன்முறையீடு செய்யும் உரிமையே கிடையாது. அந்தச் சொல் கடிதத்தில் இருக்கிறதா என்று முதலில் சொலிசிட்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். 14 நாள் என்று அவர்களே போட்டிருப்பதால் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

கட்டணம் நேரில் விசாரணை என்றால் 140 பவுண், காகிதத்தில் மட்டும் என்றால் 80. அறுபது பவுண் மிச்சம் என்று காகிதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அவர் முகத்தைப் பார்த்து நீதிபதி கேட்க வேண்டும். அரசாங்க சட்ட உதவியிலோ அகதி உதவிப் பணத்திலோ இருந்தால் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. பிரைவேட்டாக ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்களிடம் போவதற்கு முதல், சட்ட உதவி எடுக்கும் சொலிசிட்டர்களிடம் ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்கட்டும். இடம் கிடைப்பது கஷ்டம். நான் பதினொரு பேருக்குப் போன் போட்டேன், பன்னிரண்டாவது ஆள் எடுத்தார்.

இப்போது ஆறு மாதம், ஏழு மாதம் 12 நாள் விஷயம். இது தம்பிக்கு மட்டும் நடந்ததில்லை. எனக்கும் இதே மாதிரி ஒன்று வந்தது. முதல் இன்டர்வியூவில் சுருக்கமாகச் சொல்லுங்கள், விரிவாகப் பிறகு கேட்போம் என்பார்கள். நாங்கள் "ஒரு ஆறு மாசமளவில" என்போம். "அளவில" என்ற சொல் மொழிபெயர்ப்பில் காணாமல் போய்விடும். எனக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர், நல்ல மனிசன், ஆனால் "நேத்து" "முந்தநாள்" தவிர எங்கள் பேச்சு பாதி அவருக்குப் பிடிபடவில்லை. ஆகவே தம்பி இதைத் தன் புதிய வாக்குமூலத்தில் நேரே எழுத வேண்டும்: என்ன கேள்வி கேட்டார்கள், தான் தமிழில் என்ன சொன்னான், ஏன் அப்படிச் சொன்னான். பெரிய இன்டர்வியூ ஒலிப்பதிவு செய்யப்படும். அந்தப் பதிவைச் சொலிசிட்டர் எடுத்து, எங்கள் பேச்சு தெரிந்த ஒருவர் கேட்டுப் பார்க்கட்டும். விசாரணைக்கு இலங்கைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். நாள், மாதக் கணக்கை நீதிமன்றப் பதிவோடு ஒப்பிட்டு ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அதற்காகப் பதிவில் இருப்பதை மனப்பாடம் செய்து சொல்ல வேண்டாம். நினைவில்லை என்றால் நினைவில்லை என்று சொல்வது பிழையில்லை.

முதுகில் அடையாளம் ஏதும் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் மருத்துவ அறிக்கை கட்டாயம் வேண்டும். ஜீ.பி. (குடும்ப வைத்தியர்) எழுதும் இரண்டு வரிக் கடிதம் போதாது. சித்திரவதைக் காயங்களைப் பதிவதற்கான சர்வதேச வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறைப்படி, ஒவ்வொரு தழும்பும் அவன் சொல்லும் காரணத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று எழுதும் அனுபவமுள்ள வைத்தியர் வேண்டும். 2019இல் பிரித்தானிய உயர் நீதிமன்றத்தில் (சுப்ரீம் கோர்ட்) கே.வி. என்ற எங்கள் ஆள் ஒருவரின் வழக்கு இதில்தான் நின்றது. அவரே தன் மேல் சூடு வைத்துக்கொண்டார் என்று ஹோம் ஒபிஸ் சொன்னது. வைத்தியர் தழும்பு எப்படி வந்திருக்கும் என்று அபிப்பிராயம் சொல்வது சரிதான் என்று நீதிமன்றம் சொல்லி, வழக்கைத் திரும்ப விசாரிக்க அனுப்பியது. உடம்பில் ஒன்றும் இல்லாமல் நித்திரை இல்லை, பயம், சத்தம் கேட்டால் நடுக்கம் என்றாலும் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். எங்கள் பொடியங்கள் அதை மட்டும் சொல்ல மாட்டார்கள். நானும் கடைசி மாதம் வரைக்கும் சொல்லவில்லை.

ஆர்ப்பாட்டப் படங்களைப் பற்றி அவர்கள் சொன்னது பாதி சரி. கூட்டத்தில் நின்ற படம் தனியாக ஒன்றும் செய்யாது. ஐயா சொன்ன அந்த 2021 தீர்ப்பு கேட்பது, இலங்கை அரசாங்கத்தின் கண்ணில் இவர் தமிழ்ப் பிரிவினைக்காக முக்கிய பங்கு எடுப்பவராகத் தெரிவாரா என்பதை. எந்த அமைப்பு, அது இலங்கையில் தடை செய்யப்பட்டதா, அங்கே என்ன வேலை செய்தார், எத்தனை காலம், முகப்புத்தகத்தில் என்ன எழுதினார், முன்பு இலங்கையில் அவர் பெயர் எங்கேயாவது பதிந்திருக்கிறதா, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். உங்கள் தம்பிக்கு அந்தக் கடைசி விஷயம் இருக்கிறது. அதனால்தான் மொழிபெயர்ப்பாளர் ஐயா சொன்ன வழக்கேடு இவ்வளவு முக்கியம். படத்தையும் வழக்கேட்டையும் ஒன்றாக வைத்தால்தான் கதை தெரியும்.

இன்னொன்று. நான் விண்ணப்பித்த காலத்தில் "நியாயமான அளவு சாத்தியம்" என்று காட்டினால் போதும். 2022 ஜூன் 28க்குப் பிறகு விண்ணப்பித்தவர்கள், தங்களுக்கு நடந்ததையும் தங்கள் பயத்தையும் "நடந்திருக்கவே கூடுதல் வாய்ப்பு" என்ற அளவுக்குக் காட்ட வேண்டும். தம்பி அதற்குள் வருகிறார். எங்கள் காலத்தைவிட இப்போது காகிதத்துக்கு வேலை கூட.

என்னுடைய விசாரணை ரோஸ்பெரி அவென்யூவில் உள்ள டெய்லர் ஹவுஸில் நடந்தது. சின்ன அறை. சிறைக்கூண்டு, கறுப்பு அங்கி எல்லாம் மனதில் வைத்துக்கொண்டு போனேன், அப்படி ஒன்றும் இல்லை. ஹோம் ஒபிஸ் சார்பில் வந்தவர் ஒன்றரை மணித்தியாலம் கேட்டார். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, என் பரிஸ்டர் கண்ணால் அமத்தினார். முடிவு அன்றைக்குச் சொல்லவில்லை, ஐந்து வாரம் கழித்து வந்தது. அந்த ஐந்து வாரம் நான் எப்படி இருந்தேன் என்று இப்போது நினைத்துப் பார்த்தாலும் வயிற்றைப் பிசைகிறது. தம்பியோடு தினமும் கதையுங்கள். கேஸைப் பற்றி வேண்டாம், வீட்டில் என்ன சமையல் என்று கதையுங்கள்.

காகிதம் அனுப்பும்போது கூரியர் உறையைத் தூக்கி எறிய வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். யார் அனுப்பியது, எப்போது, எங்கிருந்து என்பதற்கு அந்த உறைதான் சாட்சி.


சூரிச் மாமா எழுதியது:

இதை வாசிக்கும் மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு வரி. 14 நாள் என்பது இங்கிலாந்துக் கணக்கு. சுவிஸில் நீட்டித்த நடைமுறை என்றால் 30 நாள், துரித நடைமுறை என்றால் 7 வேலை நாள்தான். பிரான்சில் ஒரு மாதம். கனடாவில் அகதி மேன்முறையீட்டுப் பிரிவுக்கு அறிவித்தல் கொடுக்க 15 நாள். உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கைக் கேட்டு இருந்துவிடாதீர்கள். வெள்ளவத்தைப் பிள்ளைக்கு ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.


வெள்ளவத்தை அக்கா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி என்ற ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது. ஆறு நாள் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள், ஓடிக்கொண்டே இருந்தேன்.

கொட்டாஞ்சேனைத் தங்கச்சி எழுதியதை வாசித்த அன்றே அந்தப் பம்பலப்பிட்டி ஆளின் நம்பரை அழித்துவிட்டேன். தங்கச்சி, உங்கள் கணவர் இப்போது எப்படி இருக்கிறார்? முடிந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.

மேன்முறையீட்டுப் படிவம் நேற்று, 18ஆம் திகதி போய்விட்டது. நேரில் விசாரணை. தம்பிக்கு உதவிப் பணம் வருவதால் கட்டணம் இல்லை. சான்றிட்ட சொல் எதுவும் கடிதத்தில் இல்லை என்று சொலிசிட்டர் சொன்னார். முதுகைப் பற்றி ஹரோ அண்ணா கேட்டிருந்தீர்கள். தம்பியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு "இருக்கு அக்கா" என்றான். இரண்டு வருடத்துக்கு மேலாக லண்டனில் இருக்கிறான், ஒருவரிடமும் காட்டவில்லை. இப்போது சொலிசிட்டர் வைத்தியருக்கு எழுதியிருக்கிறார்.

மாமா வீட்டுக்கு 14ஆம் திகதி பின்னேரம் தெஹிவளைக்குப் போனேன். கேற்றைத் திறந்தார், வா என்று சொல்லவில்லை. நான் வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். தம்பியைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்றதும் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். மாமி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. கால் மணித்தியாலம் கழித்து மாமா ஒரு பழைய பிஸ்கட் தகரத்தோடு வந்தார். லைற் பில், தண்ணி பில், அவருடைய பென்சன் காகிதம் எல்லாவற்றுக்கும் அடியில், நாலாக மடித்து வைத்திருந்தார். நீதிமன்ற அறிவித்தல் இரண்டு. பணம் கட்டிய பற்றுச்சீட்டு ஒன்று. 2023 ஓகஸ்ட் திகதி. மையெல்லாம் மங்கிவிட்டது, ஆனால் வழக்கு இலக்கம் வாசிக்கலாம். "இதை ஏன் வைச்சிருக்கிறன் என்று எனக்கே தெரியாது" என்றார். "என்டைக்காவது அவனிட்டைக் காட்டிக் கேக்கிறதுக்கு எண்டு வைச்சன் போல." பிறகு, "கோர்ட்டுக்கு நான் வாறன்" என்றார்.

புதுக்கடையில் சட்டத்தரணி 16ஆம் திகதி நகர்த்தல் பத்திரம் போட்டார். முதல் கொஞ்சம் தயங்கினார். ஐயா சொன்னபடி, அபிப்பிராயம் எதுவும் எழுதத் தேவையில்லை, செய்த வேலையை மட்டும் எழுதித் தாருங்கள் என்று கேட்டேன், அதற்குச் சம்மதித்தார். வழக்கேட்டுப் பிரதி நாளைக்குக் கிடைக்கும் என்கிறார்கள்.

அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது, வாக்குமூலம் எழுத வேண்டுமே. நான் எதிர்பார்த்த மாதிரி அழவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எழுது" என்றா. அன்றைக்கு வந்தவர்களில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தாராம். அவர் மட்டும் தமிழில் கதைத்தாராம். தம்பி நீலச் சாரத்தோடு போனானாம், அம்மா ஓடிப்போய்க் கொடுத்த சேட்டை வாங்க விடவில்லையாம். இத்தனை வருடம் இதில் ஒன்றைக்கூட எங்களிடம் சொன்னதில்லை. இரண்டரைப் பக்கம் வந்திருக்கிறது. தமிழில்தான் எழுதினேன், அம்மா வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைப்பா. அதைத் தமிழிலேயே சத்தியக் கடதாசியாக்கி ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேர்ப்பதா, அல்லது நேரே ஆங்கிலத்தில் செய்வதா? அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது.

மற்றது, பற்றுச்சீட்டு மடிப்பில் கிழியத் தொடங்குகிறது. லமினேட் செய்துவிடட்டுமா?


புதுக்கடை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

லமினேட் செய்யவே வேண்டாம் பிள்ளை. பின்பக்கத்தில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க முடியாமல் போய்விடும், மாற்றி ஒட்டியது என்றும் சொல்வார்கள். இரண்டு பக்கமும் கலரில் ஸ்கான் செய்து இன்றைக்கே சொலிசிட்டருக்கு அனுப்பிவிடுங்கள். அசலைப் பிளாஸ்டிக் உறையில் தட்டையாக வைத்துக் கொண்டு வாருங்கள்.

அம்மாவின் வாக்குமூலம் தமிழிலேயே இருக்கட்டும். அவ வாசித்து விளங்கிய மொழியில்தான் கையெழுத்து வைக்க வேண்டும். சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் வைக்கச் சொல்லுங்கள், அவர் முத்திரையும் பதிவு இலக்கமும் இருக்கட்டும். ஆங்கிலப் பிரதியை நான் செய்து, என் சான்றைத் தமிழ் மூலத்தோடு சேர்த்துத் தைத்துத் தருகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவரைப் பற்றிய வரியை எடுத்துவிடாதீர்கள்.

வழக்கேடு நாளைக்குக் கிடைத்தால் நேரே என்னிடம் கொண்டுவாருங்கள். நீதவான் நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம், போட்டோக் கொப்பிக் கடைக்கு மேல்மாடி, 9 மணியிலிருந்து இருப்பேன். மாமா வருவார் என்றால் அவரையும் கூட்டி வாருங்கள். படி கொஞ்சம் செங்குத்து, அவரை மெதுவாக ஏறச் சொல்லுங்கள்.